எங்கள் ஊருக்குத் தண்ணீரே வந்ததில்லை: உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் ஆற்றுக் கூட்டத்துக்கு

புரட்டாசி முதல் சனிக்கிழமை திருமுக்கூடல் போய்வந்தேன். பெருமாளையும் பார்த்தேன். ஆனால் போனது அதற்காக இல்லை. கோயில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஆற்றுக் கூட்டம் என்று ஊராட்சியிலிருந்து ஆள் வந்து சொன்னார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடத்தில், கரையோர ஊர்க்காரர்களை உட்கார வைத்து, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று அவர்களையே கேட்டு எழுதப் போகிறார்களாம். வண்டி அவர்களுடையது, சாப்பாடு அவர்களுடையது. இத்தனை வயதில் என்னை யாரும் சும்மா கூப்பிட்டுச் சாப்பாடு போட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர், செய்யாற்றங்கரைப் பக்கம், அது போதும். ஊரைத் தாண்டி காலனி. ஒரு பக்கம் ஏரியின் உபரித் தண்ணீர் போகிற ஓடை, இன்னொரு பக்கம் ஆறு. நடுவில் எங்கள் வீடுகள். பட்டா கேட்டு என் தலைமுறை முடிந்து என் மகள் தலைமுறையும் பாதி போய்விட்டது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலனியே கங்கையம்மன் கோயிலில் கூடியது. பேசிய பேச்சு இதுதான்: வெள்ளம் வரும் இடம் என்று நம் வாயாலேயே சொன்னால், அதையே காரணம் காட்டிப் பட்டா இல்லை என்பார்கள். அப்புறம் எங்கேயோ கண் காணாத இடத்தில் அடுக்குமாடி வீடு என்று ஏற்றிவிடுவார்கள். கழனி வேலைக்குப் போகிறவள் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து என்ன செய்வாள்? அதனால் யார் கேட்டாலும், இங்கே தண்ணீர் வந்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்து அம்மன் முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். நானும் அணைத்தேன். பக்கத்து வீட்டு முனியம்மாதான் முதலில் அணைத்தவள்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், நான் ஐந்தாவது படித்தவள். எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், கைநாட்டு வைக்க மாட்டேன், எந்த அதிகாரி முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், தப்பில்லை. இன்னொரு பெருமையும் உண்டு. என் பேத்தி கஸ்தூரி, எங்கள் காலனியில் முதல் பட்டதாரி, தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் எழுதுவதை இந்த இணையப் பக்கத்தில் ஏற்றித் தருகிறவளும் அவள்தான். கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகை என்றால் எங்கள் பக்கம் அடைமழை.

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி அவர்களுடையது என்றால் திரும்புகிற நேரமும் அவர்களுடையது. காலை 7.20க்கு எங்கள் ஊர் வழியாக வரும் டவுன் பஸ்ஸில் ஏறினால் 7.45க்கு உத்திரமேரூர். பெண்களுக்குக் காசில்லை. என்னோடு கன்னியம்மா வந்தாள். எங்கள் காலனியையும் தாண்டி ஆற்றை ஒட்டிப் பத்துக் குடிசைகள் உண்டு, இருளர் வீடுகள். அங்கிருந்து வந்தவள். கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ சேர்த்து ஆளுக்கு நாற்பது ரூபாய். டீ நன்றாக இருந்தது, வடை நேற்றையது என்று நினைக்கிறேன். கடைக்காரர் இல்லை என்று சாதித்தார்.

திருமுக்கூடலுக்கு நேர் பஸ் குறைவு. சாலவாக்கம் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனோம். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொல்கிறார்கள். ஆட்டோக்காரர் ஆளுக்கு முப்பது ரூபாய் கேட்டார். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் ஏற்றிவிட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல ஆயா, டெய்லி இதே ரேட்டுதான்."

"அப்ப வர்ற செவ்வாக்கெயம வந்து ஏறிப் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டு இருபத்தைந்து வாங்கிக்கொண்டார். வழியில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாக வரும், புழுதி தாங்காது. மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

9.30க்கு இறங்கினோம். கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கூட்டம் இருந்தது, தரிசனத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நின்ற கோலத்தில் பெருமாள், நல்ல உயரம். கன்னியம்மா உள்ளே வராமல் வெளியிலேயே நின்றாள். கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வாக்கா, நான் ஆத்தப் பாத்துக்கினு கீறேன்" என்றாள். வெளியே வந்து நானும் ஆற்றைப் பார்த்தேன். மூன்று ஆறு சேருகிற இடம் என்று பெயர், கண்ணுக்குத் தெரிவது மணல், நாணல், நடுவில் வேட்டியை உலர்த்தின மாதிரி கொஞ்சம் தண்ணீர். இதையா எல்லாரும் வெள்ளம் வெள்ளம் என்று கூட்டம் போடுகிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். எதிரே பாலத்தைத் தாண்டினால் பழையசீவரம், மலை மேல் நரசிம்மர் கோயில். முட்டி ஒத்துழைக்கிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பதினோரு மணிக்குக் கூட்டம். வாசலில் ஒரு பெண் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். மேலே தலைப்பு எதுவும் இல்லை, வெறும் கட்டங்கள். நான் பேனாவை வாங்கி, தாளின் தலையில் "கூட்டத்துக்கு வந்ததற்கு மட்டும்" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆகட்டும். வெறும் தாளில் வாங்கிய கையெழுத்துக்கு மேலே பின்னால் என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

உள்ளே ஐம்பது பேருக்கு மேல். எங்கள் ஊராட்சித் தலைவரம்மா, பக்கத்து ஊர்த் தலைவர்கள், ஒரு சின்ன வயது பொறியாளர், கூட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்துப் பெண். அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள்: ஆயிரம் வருடத்துக்கு முன்பே உத்திரமேரூரில் ஏரி வாரியம் வைத்து, குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்து, மக்களே ஏரியைப் பராமரித்தார்கள், அந்தப் பரம்பரை நாம் என்று. அதைச் சொல்லும் கோயில் கல்வெட்டை நானும் பார்த்திருக்கிறேன். நிலமும், சொந்த மனையில் வீடும் இருப்பவன் பெயர்தான் குடத்துக்குள் போகலாமாம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஓலையும் போயிருக்காது.

கன்னியம்மா என் காதில், "அந்தக் கொடத்துக்குத் தண்ணி யாரு மொண்டாந்து ஊத்துனாங்களாம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறியாளர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் தரையில் வரைபடம். கோலமாவால் ஆற்றைப் போட்டார்கள். வேப்பிலை வைத்தால் கழனி, கூழாங்கல் வைத்தால் வீடு. தண்ணீர் ஏறின இடத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் குங்குமம் தூவ வேண்டும். தாம்பாளத்தில் குங்குமத்தைக் கொட்டி நடுவில் வைத்தார்கள்.

ஒருத்தரும் தொடவில்லை. எங்கள் மாதிரி காலனிகளிலிருந்து வந்திருந்த நாலைந்து ஊர் ஆட்களைப் பார்த்தேன். எல்லாரும் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டும் துண்டை மடித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசி வைத்துக்கொண்டு வந்தது நாங்கள் மட்டும் இல்லை.

"உங்க ஊருக்குத் தண்ணி வந்திருக்கா?" என்று அந்தப் பெண் ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"இல்லம்மா. எங்க ஊருக்கு வந்ததே இல்ல."

"எங்களுக்கும் இல்ல."

"கணுக்கால் அளவுகூட இல்ல."

அத்தனை வீட்டுக்கும் வராத தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போனதோ!

அப்போது ஆற்றுக்கு எதிர்க்கரையிலிருந்து வந்திருந்த நிலக்காரர் ஒருவர் எழுந்தார். எங்கள் காலனிக்கு நேர் எதிரே அவர் கழனி. தாம்பாளத்தில் கை நிறைய அள்ளி, தன் பக்கம் முழுக்கத் தூவினார். மோட்டார் கொட்டகை, களம், தென்னந்தோப்பு, ஒன்றையும் விடவில்லை. அந்தத் தோப்பு மேடு. அங்கே நான் வருடக்கணக்காகக் களை பறித்திருக்கிறேன்.

"இன்னா நைனா, தென்ன மரத்து உச்சிக்கும் வந்துச்சா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது.

அவர் கோபப்படவில்லை. "ஆயா, கேட்டாத்தான் கெடைக்கும். நான் கேக்கறேன். நீங்க கைய மடியில வெச்சிக்கினு வந்ததே இல்ல, வந்ததே இல்லன்னா, கரை எங்க போடுவாங்க? செவப்பு கீற எடத்துலதான் போடுவாங்க."

அது நிஜமா என்று பொறியாளரைக் கேட்டேன். ஆமாம் என்றார். இந்த வரைபடம் கிராம சபைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் கரை உயர்த்துவது, எச்சரிக்கை ஒலிபெருக்கி வைப்பது, முகாம் எங்கே, கர்ப்பிணிகளை முன்கூட்டியே யார் வீட்டிலிருந்து கூட்டிப்போவது எல்லாம். சிவப்பு இல்லாத இடத்துக்கு எதுவும் கிடையாது.

எதிர்க்கரை உயர்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும்? இதற்குப் படிப்பு வேண்டாம். பாத்திரத்தை ஒரு பக்கம் தூக்கினால் தெரியும். நாங்கள் சூடம் அணைத்து, ஆற்றை எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டிருக்கிறோம்.

ஆனாலும் கை எழவில்லை. இவர்களை எப்படி நம்புவது? கேட்டேன்: "சார், செவப்பு வெச்சா எங்கள காலி பண்ணுவீங்களா?"

தலைவரம்மா குறுக்கே வந்தார். "அதெல்லாம் ஒண்ணியும் பண்ண மாட்டாங்க ஆயா, நான் கீறேன் இல்ல? பயப்படாத வெய்யி."

பொறியாளர் மட்டும் தலையை ஆட்டவில்லை. பிறகு, "அது என் கையில இல்ல ஆயா. பண்ண மாட்டாங்கன்னு நான் சொன்னா பொய்யாயிடும்" என்றார்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் நம்பிய பேச்சு அது ஒன்றுதான்.

அதற்குள் கன்னியம்மா எழுந்துவிட்டாள். எங்கள் காலனியைக் காட்டும் கூழாங்கற்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அவள் வீடுகளுக்கு யாரும் கல் வைக்கவே இல்லை. கோலமாவைக் கிள்ளி பத்துப் புள்ளி வைத்தாள். மேலே குங்குமத்தைத் தூவினாள்.

"ஏண்டி கன்னியம்மா, யோசிச்சிக்கினு வெய்யி" என்றேன்.

"நான் இன்னாத்துக்குக்கா யோசிக்கணும்? உங்க அம்மன் கோயில்ல சூடம் அணைக்க எங்கள யாரு கூப்ட்டாங்க?"

குடத்துக்குள் எங்கள் ஓலை போகவில்லை என்று மனத்துக்குள் பொருமிக்கொண்டிருந்தவள்தான் நான். எங்கள் கூட்டத்துக்கு இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

கஸ்தூரியின் வயிறு கண் முன்னால் வந்தது. முன்பு ஒரு பெருமழையில் ராத்திரியோடு ராத்திரியாக மகளை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள் நான். இப்போது சுமக்க என் முதுகில் தெம்பில்லை. எழுந்து, முதலில் எழுதச் சொன்னேன்: "சிவப்பு வைத்த வீடுகளுக்கு, இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பு தர வேண்டும். காலி செய்யச் சொல்லக் கூடாது." தொண்டு நிறுவனத்துப் பெண் எழுதினாள். படிக்கச் சொன்னேன். படித்தாள். நானே வாங்கி ஒருமுறை படித்தேன். அதன் பிறகுதான் குங்குமத்தைத் தொட்டேன். என் வீட்டுக் கல் மேல் மட்டும் வைத்தேன்.

"ஒரு வூட்டுக்கு மட்டுமா ஆயா தண்ணி வந்துச்சு?" என்று பொறியாளர் கேட்டார்.

"அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்கதான் வெக்கணும் நைனா."

மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம். கன்னியம்மா என் தட்டைப் பார்த்து, "வெசம் கிசம் இல்லக்கா, துண்ணு" என்றாள். சாப்பிட்டேன். 3 மணிக்குப் பாலத்தருகே டீ, பன்னிரண்டு ரூபாய். ஆட்டோ, பஸ் மாறி வீடு சேர 5.30.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் காலனியில் சொன்னேன். மறைக்கவில்லை. திட்டினார்கள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று மண்ணைத் தூற்றாத குறை. முனியம்மா என்னைப் பார்த்தே, "அஞ்சாங்கிளாஸ் படிச்ச திமிரு" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சத்தியத்தை மீறியது மீறியதுதான். அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். முனியம்மாவுக்கு என்ன உடைப்பது என்று தெரியவில்லை.

காந்தி ஜெயந்தி கிராம சபையில் தலைவரம்மா தீர்மானத்தைப் படித்தார். அதில் ஒலிபெருக்கி வந்தது, முகாம் வந்தது, இரண்டு கரையையும் சமமாக உயர்த்துவது வந்தது. கடைசியாக, "சிவப்பு வைத்த வீடுகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும்" என்று முடித்துவிட்டார். "இருக்கும் இடத்திலேயே" என்பதும் இல்லை, காலி செய்யக் கூடாது என்பதும் இல்லை. நான் எழுந்து கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான் ஆயா. சுருக்கிக் கீறோம், அவ்ளோதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். முனியம்மா. "இன்னாத்துக்கு சுருக்கணும்? தாளுல எடம் இல்லியா? முயுசா எய்து. என் வூட்டையும் சேத்து எய்து. இவ வூட்டவிட என் வூட்லதான் ஜாஸ்தி தண்ணி. உறியில மாட்டுன சட்டி வரிக்கும் வந்துச்சு, இவளுக்கு இடுப்பளவுதான்."

அதற்கப்புறம் சபை அடங்க நேரமானது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீரை உயர்த்திக்கொண்டே போனார்கள். விட்டுப்போனதைப் பேனாவால் சேர்த்தார்கள். திரும்பப் படிக்க வைத்தோம். நகல் கேட்டிருக்கிறோம், இதை எழுதும் வரை கைக்கு வரவில்லை. பட்டாவும் வரவில்லை. ஒலிபெருக்கிக் கம்பம் ஒன்று கன்னியம்மா வீடுகளுக்குப் போகும் திருப்பத்தில் நட்டிருக்கிறார்கள்.

திருமுக்கூடல் போகிறவர்களுக்குச் சில விஷயம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினோரு மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள். சனிக்கிழமை நெரிசல் வேண்டாம் என்றால் வேறு நாளில் போங்கள், ஆள் இருக்காது. ரயிலில் வருகிறவர்கள் பழையசீவரத்தில் இறங்கி, பாலம் தாண்டி ஆட்டோவில் வரலாம், ரேட்டை முதலிலேயே பேசுங்கள். ஆற்று மணலில் இறங்கினால் பிள்ளைகள் கையை விடாதீர்கள், மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள். போகாமல் இருந்தால் நம் இடத்தில் வேறு ஒருவர் கை வைத்துவிடுவார். ஆனால் சொந்தமாகப் போய், சொந்தமாகத் திரும்புங்கள். கையெழுத்துப் போடுமுன் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், போட்ட பிறகும் போய்ப் பாருங்கள்.

எதிர்க்கரையில் போன வாரம் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இன்னும் ஒரு கூடை விழவில்லை. "அந்தப் பக்கம் முடிஞ்சதும் இங்க வருவாங்க" என்கிறார் தலைவரம்மா. தினமும் காலையில் நானும் முனியம்மாவும் கன்னியம்மாவும் மணலில் இறங்கிக் குறுக்கே நடந்து போய் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். நேற்று மண் அள்ளும் வண்டியிலிருந்து தலையை நீட்டி ஓட்டுநர் கேட்டார்.

"இன்னா ஆயா, டெய்லி மூணு பேரும் வந்து நின்னுக்கினு கீறீங்க?"

"ஒண்ணும் இல்ல நைனா, நீ போடு" என்றேன். "நாங்க எவ்ளோ ஒசரம்னு பாத்துக்கினு கீறோம்."